கண்மாய் மீனும் அதைப் பக்குவம் செய்யும் முறைகளும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய் இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை இக்கண்மாய்களை நிரப்புகிறது. மேற்கு மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகப் பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டு முதல் வைகைப் படுகைக்கு வந்துகொண்டிருக்கிறது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்ட பின்னர் அந்நீரைத் தேக்கி வைத்துப் பங்கிடவும் வசதி ஏற்பட்டது. பேரணையிலிருந்து பிரியும் கால்வாய்கள் மேலூர் வரையிலும் நிலத்திற்கு நீர் பாய்ச்சுவதோடு, வழியிலுள்ள கண்மாய்களுக்கும் உயிரூட்டுகின்றன.

நீர் சென்ற இடமெல்லாம் மீனும் செல்கிறது. பயிரிடுவோர் அந்நீரை நெல்லாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதே நீரில் விளையும் மீனை நாம் அவ்வளவு கருத்துடன் பயன்படுத்திக்கொள்கிறோமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கடல் மீனைத் தேடி நகர்ச் சந்தைக்குச் செல்லும் நம்மவரில் பலர், தம் ஊர்க் கண்மாய் மீனைப் பற்றிப் பேசும்போது, “சேற்று வாடை வீசும், முள் மிகுதி, வழுவழுப்புப் போகாது” என்று குறை கூறுவதுண்டு. இம்மூன்று குறைகளும் நீக்கக் கூடியவையே. கரைக்கும் அடுப்புக்கும் இடையே செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதால்தான் அவை மீனின் குறைகளாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு மீனின் இயல்பையும் அறிந்து, அதற்கேற்றவாறு ஆய்ந்து, அதற்கேற்ற பக்குவத்தில் சமைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். மீன் உண்ணாத அங்கத்தினரும் நம்மிடையே உள்ளனர். கண்மாயின் நலத்தைப் பற்றிக் கடைசியில் கூறப்படுவது அவர்களுக்கும் உரியதாகும்.

மீன் ஒருங்கே கிடைக்கும் காலம்

தை மாத அறுவடை முடிந்ததும் கண்மாய் நீர் குறையத் தொடங்குகிறது. மாசி முதல் வைகாசி வரையில் நீர் வற்ற வற்ற, பரந்த நீர்ப்பரப்பில் வாழ்ந்த மீன்கள் யாவும் ஆழமான பள்ளங்களில் வந்து சேர்கின்றன. பல கண்மாய்களில் ‘மீன்பாசிக் குத்தகை’ எடுத்தவர்கள் இச்சமயத்தில் வலையிட்டு அரிப்பார்கள். மேலூர், சிங்கம்புணரி முதலிய பகுதிகளில் ஊரார் ஒன்றுகூடி மீன்பிடித் திருவிழா நடத்தும் வழக்கமும் உண்டு. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், கச்சாவும் ஊத்தாவும் வலையும் ஏந்திய மக்கள் ஒரே சமயத்தில் நீரில் இறங்குவர். அன்று பிடித்த மீனை விலைக்கு விற்காமல் வீட்டிற் சமைத்து உண்பதும், உறவினருக்குக் கொடுத்தனுப்புவதும் பல ஊர்களில் முறையாக இருந்து வருகின்றன.

இவ்வாறு ஒரே நாளில் பல கிலோ மீன் வீட்டிற்கு வந்து சேர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அது கோடைக்காலம். வெயிலிற் கிடக்கும் மீன் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அன்று சமைத்தது போக எஞ்சியது குப்பைக்குச் செல்லுமாயின், ஓராண்டுக் காலம் கண்மாய் வளர்த்துத் தந்த உணவு வீணாகிறது. நாள் முழுதும் தறியில் அமர்ந்து உழைப்பவருக்கும், வயலிற் பாடுபடுபவருக்கும், வளரும் குழந்தைகளுக்கும் வேண்டிய புரதச்சத்து இவ்வாறு கையிலிருந்து நழுவுவது நட்டமல்லவா?

புது மீனை அறிதல்

கரையிலேயே வாங்கினாலும் மீனைப் பார்த்து வாங்க வேண்டும். புது மீனின் கண் தெளிந்தும் சற்றே புடைத்தும் இருக்கும். நாட்பட்டதன் கண் மங்கிக் குழிந்துவிடும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பு நிறம் தெரிய வேண்டும், பழுப்பேறியிருந்தால் வாங்கலாகாது. விரலால் அழுத்திய இடம் உடனே எழும்ப வேண்டும். வயிறு பிளந்தோ தளர்ந்தோ இருத்தல் கூடாது.

விரால், குறவை, தேளி ஆகியவை காற்றையும் நேராகச் சுவாசிக்க வல்லவை. ஆதலால் அவை நீருக்கு வெளியேயும் நெடுநேரம் உயிருடனிருக்கும். இவற்றை உயிருடன் வாங்குவதே நன்று. கெண்டை, கட்லா, ரோகு போன்றவை நீரை விட்டு வெளிவந்த சிறிது நேரத்தில் இறந்துவிடும். இவற்றைப் பிடித்த உடனே நிழலில் வைத்து, ஈரச் சாக்கினால் மூடிக்கொண்டு வீட்டிற்குக் கொண்டுவர வேண்டும். உடனே சமைக்க இயலாவிடில் குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டியில் வைக்கலாம். கெடுதல் முதலில் தொடங்குவது குடலிலும் செவுளிலுமே என்பதை நினைவிற் கொள்க.

வெப்பத்தாலும் நீர் குறைவாலும் தாமே இறந்து கண்மாயில் மிதக்கும் மீனை எடுத்து உண்ணுதல் ஆகாது. அது இறந்து எத்தனை நேரமாயிற்று என்பதை எவரும் அறியார்.

சேற்று வாடை எங்கிருந்து வருகிறது?

கடல் மீனின் வாடை வேறு, கண்மாய் மீனின் வாடை வேறு. கடல் மீனின் சதையில் இயல்பாக உள்ள ஒரு பொருள், மீன் இறந்த பின் நுண்ணுயிர்களால் சிதைந்து கவிச்சி நாற்றத்தைத் தருகிறது. நன்னீர் மீனில் அப்பொருள் மிகக் குறைவு. ஆகவே, புதிதாகப் பிடித்த கண்மாய் மீன் உண்மையில் கவிச்சி குறைந்ததாகும். நாம் சேற்று வாடை என்று கூறுவது ‘ஜியோஸ்மின்’ என்னும் பொருளால் விளைவது. தேங்கிய நீரிலுள்ள நீலப்பச்சைப் பாசியும் மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்களும் இதை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் எழும் மண் மணத்திற்கும் இதுவே காரணம். மழையில் இனிக்கின்ற அதே மணம் குழம்பில் கசக்கிறது!

இப்பொருள் மீனின் தோலிலும், கொழுப்பிலும், வயிற்றுப் பகுதியிலும் மிகுதியாகச் சேருகிறது. புளிப்புப் பட்டால் இது சிதைந்து வாடையற்றுப் போகிறது. நம் முன்னோர் மீனுக்குப் புளியைத் துணையாக்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும். புளிக்கரைசல், மோர், எலுமிச்சைச் சாறு ஆகிய எதுவாயினும் பயன் தரும். ஆய்ந்து துண்டாக்கிய மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் இட்டுப் பிசறி, நீர் கலந்த மோரிலோ புளிநீரிலோ கால் மணி நேரம் ஊற வைத்துக் கழுவினால் வாடை பெரிதும் குறையும். உயிருடன் கிடைக்கும் விராலையும் தேளியையும் சமைக்குமுன் சில நாட்கள் நல்ல நீரில் விட்டு, நீரை அடிக்கடி மாற்றி வந்தால் வாடை தானாகவே நீங்கும். மூடியில்லாத பாத்திரத்தில் விட்டால் விரால் துள்ளி வெளியேறிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

ஆயும் முறை

கெண்டை, கட்லா, ரோகு, மிர்கால் முதலியவற்றின் செதில்களை வாலிலிருந்து தலையை நோக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னர் வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தால் அப்பகுதிச் சதை முழுதும் கசக்கும். அவ்விடத்தை அரிந்தெறிந்துவிடுவதே நலம். முதுகெலும்பின் உட்புறத்தே ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பான இரத்தக் கோட்டையும் நகத்தால் சுரண்டிக் கழுவ வேண்டும்.

ஜிலேபிக் கெண்டையின் வயிற்றினுள்ளே கரிய சவ்வு ஒன்று இருக்கும். அதை உரித்தெடுக்காமல் சமைப்பதாலேயே அம்மீனுக்குக் கெட்ட பெயர் ஏற்பட்டிருக்கிறது. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் இன்று எந்தக் குட்டையிலும் கிடைக்கிறது. இதன் சதை கெட்டியானது, முள்ளும் குறைவு.

விராலுக்கும் குறவைக்கும் வழுவழுப்பு மிகுதி. அடுப்புச் சாம்பலைத் தூவிக் கையாற் பிடித்தால் மீன் நழுவாது. வழுவழுப்பும் சாம்பலுடன் சேர்ந்து வந்துவிடும். விறகடுப்பு இல்லாத வீட்டில் கல்லுப்பும் சிறிது அரிசி மாவும் அவ்வேலையைச் செய்யும். அதன் பிறகு செதிலைச் சுரண்ட வேண்டும்.

கெளுத்தி வகைகளுக்குச் செதில் இல்லை. ஆனால் முதுகிலும் இரு பக்கங்களிலும் கூரிய முட்கள் உண்டு. அவை குத்தினால் கடுமையாக வலிக்கும். தேளியின் முள்ளில் நஞ்சும் உண்டு. ஆகவே முதலில் அம்முட்களை வெட்டி எறிந்த பின்னரே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். தவறிக் குத்திவிட்டால், அவ்விடத்தைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரை மணி நேரத்திற்கு மேலாக அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கமோ வலியோ மிகுமாயின் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழம்பு

கண்மாய் மீனுக்கு முதன்மையான பக்குவம் புளிக்குழம்பே. ஒரு கிலோ மீனுக்குப் பெரிய எலுமிச்சையளவு புளி, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு பதினைந்து பல், தக்காளி மூன்று, மிளகாய்த் தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித் தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு ஆகியவை வேண்டும். காரத்தை அவரவர் விருப்பம்போலக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

மண்சட்டியில் எண்ணெயைக் காய்ச்சி வெந்தயத்தைச் சிவக்க விட வேண்டும். கருகினால் கசக்கும். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, தக்காளியைச் சேர்த்துக் குழைய விட்டுத் தூள்களையும் உப்பையும் இட்டு ஒருமுறை புரட்டிய பின், புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். குழம்பு நன்றாகக் கொதித்து, பச்சை வாடை நீங்கி, எண்ணெய் மேலே மிதந்து வரும் வரையில் மீனைச் சேர்க்கலாகாது. பெரும்பாலான வீடுகளில் நேரும் பிழை இதுவே. குழம்பு கொதிக்கும் முன்பே மீனை இட்டுவிட்டு, மசாலை வேகவேண்டுமென்று கொதிக்க விடுகிறார்கள். மசாலை வெந்து முடிவதற்குள் மீன் கரைந்துவிடுகிறது.

மீனின் சதை ஆட்டிறைச்சியைப் போன்றதன்று. நாளெல்லாம் நீரால் தாங்கப்பட்டு வாழும் உடலாதலால், அதன் தசைகளைப் பிணைக்கும் நார்த்திசு குறைவு. இருப்பதும் சிறு வெப்பத்திலேயே இளகிவிடும். நடுத்தரத் துண்டுகள் வேகப் பத்து நிமிடம் போதும். மீனை இட்ட பின் தீயைத் தணித்து விட வேண்டும். கரண்டியிட்டுக் கிளறாமல், சட்டியின் இரு காதுகளையும் துணியாற் பிடித்துச் சுழற்றி விட வேண்டும். சதை வெண்மையாகி எலும்பை விட்டு எளிதிற் பிரியுமாயின் வெந்தது என்று அறியலாம். நடுவே கண்ணாடி போன்ற தோற்றம் இருந்தால் இன்னும் வேக வேண்டும். நன்னீர் மீன்களில் மனிதருக்குத் தீங்கு செய்யும் புழுக்கள் சிலவேளை இருக்கக்கூடும். முழுதும் வேகவைப்பதே அதற்குப் பாதுகாப்பு.

மாங்காய்க் காலத்தில் புளியைச் சிறிது குறைத்து, மாங்காய்த் துண்டுகளைச் சேர்க்கலாம். கெண்டையும் கெளுத்தியும் மாங்காயுடன் நன்கு பொருந்தும். இரவில் வைத்த குழம்பு காலையில் சுவை மிகுந்திருப்பதற்குக் காரணம், புளிப்பும் காரமும் உப்பும் இரவு முழுதும் சதையினுள் இறங்குவதே. ஆனால் நம் ஊர் வெயிலில் புளியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. இரவில் ஒருமுறை கொதிக்க வைத்து மூடி, காலையில் மீண்டும் கொதிக்க வைத்தே உண்ண வேண்டும்.

அயிரை

மதுரை உணவு விடுதிகளுக்குப் புகழ் சேர்த்த மீன் இது. விரல் நீளங்கூட இல்லாத இச்சிறு மீன், வாய்க்கால் மணலிலும் கண்மாய்ச் சேற்றிலும் வாழ்வது. விலையில் பெரிய மீன்களையும் மிஞ்சுகிறது. முழு மீனாகவே சமைக்கப்படுவதால் இதற்கு ஆய்தல் என்பது இல்லை, கழுவுதலே உண்டு. அக்கழுவுதலிலேதான் சமையலின் வெற்றியும் இருக்கிறது.

உயிருள்ள அயிரையை முதலில் நல்ல நீரில் சில மணி நேரம் விட்டு, நீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். அதற்குள் உட்கொண்ட மண்ணைக் கக்கிவிடும். பாலும் நீரும் கலந்து அதில் விடுவதும், தேங்காய்ப் பாலில் விடுவதும் சில வீடுகளின் வழக்கம். நல்ல நீரே இப்பயனைத் தரும். பின்னர் நீரை வடித்துவிட்டுக் கல்லுப்பைத் தூவி மூடி வைத்தால் சிறிது நேரத்தில் துள்ளல் அடங்கும். அடிப்புறம் சொரசொரப்பாக உள்ள மண்சட்டியிலிட்டு உப்புடன் மென்மையாகத் தேய்த்து, நுரை வருவது நிற்கும் வரையில் ஏழெட்டு முறை கழுவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் வயிறு உடைந்துவிடும்.

இதற்குரிய குழம்பில் தக்காளியும் புளியும் சற்றுக் குறைய, சின்ன வெங்காயம் மிகுதியாக இருத்தல் நலம். தேங்காய், சீரகம், சிறிது வெங்காயம் ஆகியவற்றை அம்மியில் மைய அரைத்துச் சேர்ப்பர். குழம்பு வற்றி எண்ணெய் தெளிந்த பின் அயிரையை இட்டு, ஐந்து நிமிடத்திற்கு மேற்படாமல் இறக்கிவிட வேண்டும். தலையும் எலும்புமாக முழு மீனையும் மென்று உண்பதால், பெரிய மீனின் துண்டில் கிடைக்காத சுண்ணாம்புச் சத்து இதிற் கிடைக்கிறது. விலை உயர்ந்த அயிரைதான் வேண்டுமென்பதில்லை. பொடிக் கெண்டையும் இவ்வாறே முழுதாக உண்ணத்தக்கது. எனினும் அதன் குடலை மட்டும் கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

முள் மிகுந்த மீனை வறுத்தல்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். முன்னாளில் ஆற்றில் திரட்டிய குஞ்சுகளையே நம்பியிருந்தனர். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஊசிமருந்து செலுத்திக் கெண்டையினங்களைச் சினைப்படுத்துவதில் வெற்றி கண்ட பிறகு, மீன்பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கும் வழி பிறந்தது. அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் கண்மாய்களில் விடப்படும் குஞ்சுகள் இவ்வழியில் வந்தவை.

இம்மீன்களின் சதைக்குள்ளே, முதுகெலும்புடன் சேராத கவை போன்ற மெல்லிய முட்கள் பரவியிருக்கின்றன. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இவை இடையூறு தருகின்றன. இதற்கு எளிய வழி உண்டு. துண்டின் தோற்புறத்தில், கூரிய கத்தியால் அரை விரற்கடைக்கும் குறைந்த இடைவெளியில் நெருக்கமாகக் குறுக்குக் கீறல்கள் இட வேண்டும். கத்தி முள்ளை வெட்டும்போது ‘நறுக்’ என்ற ஓசை கேட்கும். இவ்வாறு துணுக்குகளாக வெட்டப்பட்ட முட்கள் சூடான எண்ணெயில் மொறுமொறுப்பாகிச் சதையுடன் மென்று விழுங்கத்தக்கவையாகிவிடும். மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கீறல்களுக்குள் புகுமாறு தடவி, அரை மணி நேரம் ஊற வைத்துக் கடலெண்ணெயில் வறுக்கலாம். கல்லில் இட்டவுடன் புரட்ட முயன்றால் தோல் ஒட்டிக்கொண்டு பிய்யும். ஒரு புறம் நன்கு சிவந்ததும் தானே கல்லை விட்டு எழும்; அப்பொழுது திருப்புக. எவ்வளவு கீறினாலும் சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப் பகுதிச் சதையையே தேர்ந்து, விரலால் தடவிப் பார்த்துக் கொடுத்தல் நலம்.

சுடுதலும் இலையில் வாட்டுதலும்

வயல் வேலைக்குச் சென்றவர்கள் வரப்போரத்திலேயே மீனைச் சுட்டுண்ணும் வழக்கம் பழமையானது. எண்ணெய் இதற்கு வேண்டியதில்லை. குடல் நீக்கிக் கழுவிய மீனில் உப்பும் மஞ்சளும் தடவி, சுவாலை அடங்கிய கனலின் மேல் திருப்பித் திருப்பி வாட்ட வேண்டும். சுவாலையிற் பிடித்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். செதிலை நீக்காமற் சுட்டால் தோல் கவசம்போல் நின்று சதையின் ஈரத்தைக் காக்கும். சுட்ட பின் தோலுடன் உரித்துவிடலாம். ஜிலேபியும் குறவையும் இதற்கு ஏற்றவை.

சோழவந்தான் பக்கத்தில் வாழையிலைக்குக் குறைவில்லை. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை அரைத்து விரால் துண்டுகளில் பூசி, அனலில் வாட்டிய இலையில் பொதிந்து நாராற் கட்டி, தோசைக்கல்லில் மெல்லிய தீயில் பக்கத்திற்குப் பத்து நிமிடம் வைத்தால், மீன் தன் நீரிலேயே வெந்துவிடும். விராலில் முள் குறைவு, சதை மிருதுவானது. நோயினின்று தேறுபவருக்கு இதை மிளகுச் சாறாகக் காய்ச்சிக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். வேகவைத்த விராலை முள் நீக்கி உதிர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் இஞ்சியும் தாளித்துக் கிளறினால் புட்டு ஆகிறது. பல் இல்லாத முதியோரும் அதை அச்சமின்றி உண்ணலாம்.

எஞ்சியதைக் காத்தல்

ஒரே நாளில் வந்து குவிந்த மீனைக் கருவாடாக்கி வைப்பது சிக்கனத்திற்கு உற்ற வழி. செதிலும் குடலும் செவுளும் நீக்கி, பெரிய மீனை முதுகுப்புறமாகப் பிளந்து விரிக்க வேண்டும். நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற அளவில், உள்ளும் புறமும் தேய்த்துப் பானையில் அடுக்கி ஓர் இரவு வைத்தால், மீனிலுள்ள நீர் கசிந்து வெளியேறும். மறுநாள் ஒருமுறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். தரையில் பரப்பினால் மண்ணும் ஈயும் சேரும். கயிற்றுக் கட்டிலின் மேல் பாயையோ வலையையோ விரித்து அதன்மேல் பரப்பி, மெல்லிய துணியால் மூடிவிட்டால் காற்று இருபுறமும் புகுந்து விரைவில் உலரும். ஈயை விரட்டுவதற்காகப் பூச்சிமருந்துத் தூளைத் தூவுவது பெருங்கேடு. மூன்று நான்கு நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்து, வளைத்தால் விறைத்து நிற்கும் பதம் வந்ததும் காற்றுப் புகாத பாத்திரத்தில் இட்டு வைக்கலாம். கத்தரிக்காயும் மொச்சையும் சேர்த்து வைக்கும் குழம்புக்கு அது மழைக்காலத்தில் உதவும். உப்பு மிகுந்த உணவாதலால், இரத்த அழுத்தம் உடையவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும்.

எச்சரிக்கையாகச் சில

மீனின் பித்தம் கண்ணுக்கும் உடலுக்கும் நல்லது என்று நம்பி, கெண்டை அல்லது ரோகுவின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குபவர் சிலர் உண்டு. இது உயிருக்கே ஆபத்தாகும். அப்பித்தத்திலுள்ள நஞ்சு சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்குகிறது. இவ்வாறு விழுங்கியவர்கள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் நம் நாட்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சமைப்பதாலும் இந்நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. ஆகவே பித்தப்பையை எறிந்துவிட வேண்டும். குழந்தைகளின் கைக்கும் எட்டலாகாது.

அடுத்து, ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்ப்பதை 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடைசெய்தது. ஆயினும் மறைவாக வளர்த்து விற்பவர் இருக்கின்றனர். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் உறுதியான முள்ளும், அதன் பின்னே சதைப்பற்றான சிறு துடுப்பும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கோ தட்டையான அகன்ற தலையும், முள்ளின்றி வால் வரையில் நீண்டு செல்லும் முதுகுத் துடுப்பும் இருக்கும். இறைச்சிக் கழிவைத் தின்றும் வளரக்கூடிய இம்மீன் கண்மாய்க்குள் தப்பி வந்துவிட்டால், அயிரை, கெண்டை, விரால் குஞ்சு ஆகிய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மலிவு என்று இதை வாங்குபவர், தம் ஊர் மீன் அழிவதற்குத் தாமே விலை கொடுப்பவராகிறார்.

மூன்றாவது, நஞ்சிட்டுப் பிடித்த மீன். வெடிமருந்தினாலும் நஞ்சினாலும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அவ்வாறு பிடித்ததை எப்பக்குவத்தாலும் நல்லுணவாக்க இயலாது.

நம் கையில் உள்ளது

புளி சேற்று வாடையை நீக்கும். உப்பு வழுவழுப்பை நீக்கும். கத்தி முள்ளைத் துணிக்கும். ஆனால் நீரிற் கலந்துவிட்ட பூச்சிமருந்தையோ சாயத்தையோ நீக்க அடுக்களையில் எந்தப் பொருளும் இல்லை. இதை நம் சங்கத்து அங்கத்தினர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். வயலுக்குத் தெளிக்கும் மருந்தின் எஞ்சிய பகுதியை வாய்க்காலில் ஊற்றிக் கழுவுவதும், சாயப் பட்டறைக் கழிவைக் கண்மாய் வரத்தில் விடுவதும், வேறெங்கோ உள்ள எவருக்கோ செய்யும் தீங்கல்ல. நிலையூர்க் கண்மாயை அடுத்துக் கைத்தறி நகர் இருப்பதுபோல, தறியும் வயலும் நீரும் நம் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டே இருக்கின்றன. நாம் விட்ட நீர் வற்றும்போது அதிலுள்ள மீன் நம் இலைக்கே வருகிறது.

மீன் பயன்படும் வரையில் கண்மாயின் மீது ஊருக்கு அக்கறை இருக்கும். கரையைப் பலப்படுத்தவும், வரத்துக் கால்வாயைத் தூர்வாரவும், கழிவு சேராமற் காக்கவும் கேட்பவர் இருப்பர். கண்மாய் மீனை வேண்டாமென்று ஊர் ஒதுக்கிவிட்டால், நீர் நிறைந்த காலத்தில் பாசனத்திற்காக நினைக்கப்படுவதன்றி, மற்றக் காலத்தில் அது கேட்பாரற்ற பள்ளமாகிவிடும். ஆகவே வருகிற கோடையில் உங்கள் ஊர்க் கண்மாய் அரிக்கப்படும் நாளில், மேலே கூறிய முறைகளில் ஒன்றிரண்டையேனும் செய்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பக்குவம் இவற்றினும் மேம்பட்டதாக இருக்குமாயின், அதை அடுத்த மாதக் கூட்டத்தில் மற்ற அங்கத்தினர்களுக்கும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.